மேல் மாடியில் இருபத்தேழாம் எண்

எங்கள் பழைய அலுவலகத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கு மதிய விருந்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும், இப்போது அங்கே கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கணேஷ் என்னை மேல் மாடிக்கு அழைத்துப்போய் ஓர் அலமாரியைத் திறந்து காட்டினான். உள்ளே தட்டையான பெட்டிகள், வரிசையாகப் பச்சை விளக்குகள்.

“இந்தச் சுவிட்சுப் பெட்டி அத்தனையும் ஒரே மத்தியானத்துல செட் பண்ணிட்டேன்க்கா. சம்பளப் பிரிவுக்கு ஒரு வீலான், கணக்குக்கு ஒன்னு, மத்தவங்களுக்கு ஒன்னு. ஓடுற ஒயரு ஒன்னுதான். ஆனா ஒருத்தர் கண்ணுக்கு ஒருத்தர் தெரிய மாட்டாங்க.”

“மெஷின் நம்பரெல்லாம் யாரு கொடுக்கறா?”

“டிஎச்சிபி லா அக்கா. மெஷினைப் போட்டா அதுவே கேட்டு வாங்கிக்கும். ஒருத்தருக்குக் கொடுத்த நம்பரை இன்னொருத்தருக்குக் கொடுக்காது.”

“யாருக்கு எந்த நம்பருன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது. யாரு கேக்கப் போறா?”

வாழ்த்தி இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. யாரும் கேட்கமாட்டார்களாம்! நான் வேலை பார்த்த காலத்தில் இந்த மாடியில் கேட்காத ஆள் கிடையாது. நம் அலுவலகச் செய்திமடலுக்கு அந்தக் கால அனுபவத்தை எழுதித் தரும்படி கணேஷும் மற்றவர்களும் கேட்டார்கள். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கோலா கங்சார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்களின் மகள் நான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, டவுனில் இடைநிலைப்பள்ளி, தட்டச்சு, அதன்பின் ஈப்போவில் தோட்டங்களை நிர்வகிக்கும் ஒரு கம்பெனியில் தகவல் பதியும் பிரிவு. எண்பதுகளின் பிற்பகுதியில் கம்பெனி எல்லாக் கணினிகளையும் ஒயரால் இணைக்க முடிவு செய்து, என்னைக் கோலாலம்பூருக்கு ஒரு சிறு பயிற்சிக்கு அனுப்பியது. அப்போது மகள் வயிற்றில். வகுப்பில் பாதி நேரம் குமட்டலை அடக்குவதிலேயே போனது. கற்றுக்கொண்டது போதுமா போதாதா என்ற சந்தேகம் எனக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

குழந்தை பிறந்து, விடுப்பு முடிந்து திரும்பியதும் ‘நெட்வொர்க் உதவியாளர்’ என்ற புதிய வேலையில் என்னைச் சோதனை முறையில் வைத்தார்கள். இந்த வேலைக்குப் பகல் நேரம் மட்டும்தான். நிரந்தரமாக்காவிட்டால் பழைய பிரிவுக்குத் திரும்ப வேண்டும். அங்கே ஷிப்ட், முறை வந்தால் இரவு வரை உட்கார வேண்டும். என் கணவர் லாரி ஓட்டினார். சித்தியவானுக்கு லோடு என்று போவார், எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. குழந்தையைப் பார்த்துக்கொண்ட, புந்தோங்கில் குடியிருந்த அஞ்சலையக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்: “வெளக்கு வைக்கிற நேரத்துக்குள்ள வந்து புள்ளையத் தூக்கிக்க தனம். அதுக்குப் பொறவு எங்க வீட்டுக்காரரு சத்தம் போடுவாரு.” ஆகவே பகல் வேலை கிடைத்தால் வேலை உண்டு. கிடைக்காவிட்டால் வேலையே இல்லை.

அதை முடிவு செய்யவேண்டியவர் பிரிவுத் தலைவர் சபாபதி சார்.

அவர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கப்பிள்ளையாக, இருந்து படிப்படியாக மேலே வந்தவர். லகாட்டிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். குரலை உயர்த்தமாட்டார். நமக்குப் பின்னால் வந்து நிற்பார், அவ்வளவுதான். என்ன செய்கிறோம் என்று பார்த்துக்கொண்டே மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து முடித்தால் ஏதோ தவறு என்று பொருள். பாதியில் நிறுத்தினால் தப்பித்தோம்.

தோட்டத்தில் விடியுமுன் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். சபாபதி சார் கணினிகளுக்கும் பெரட்டு வைத்தார். காலையில் பாலில்லாத கோப்பி ஓ கிளாசோடு மாடிப்படி உச்சியில் நின்று எண்களைக் கூப்பிடுவார். நான் மேசை மேசையாகப் போய், திரையில் இணைப்பு வந்திருக்கிறதா என்று பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

“ஒன்னு?”

“வந்திருச்சு சார்.”

“ரெண்டு?”

“வந்திருச்சு சார்.”

கடைசியில் அவர் அறைக் கணினி. “இருபத்தாறு? நானு. இருக்கேன்,” என்று தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

எண் போடும் முறையையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கணினியின் பின்புறமும் ஒரு நெட்வொர்க் கார்டு, அதன் விளிம்பில் அரிசி மணி அளவில் எட்டு வெள்ளைச் சுவிட்சுகள். முதலாவதை மேலே தள்ளினால் ஒன்று, அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது நான்கு, பிறகு எட்டு, பதினாறு என்று இரட்டித்துக்கொண்டே போகும். மேலே இருப்பவற்றைக் கூட்டினால் அந்தக் கணினியின் எண். ஒரே எண் இரண்டு கணினிக்கு இருந்துவிட்டால் சண்டை அவை இரண்டோடு நிற்காது. மாடி முழுவதும் உறைந்து நின்றுவிடும்.

சுவிட்சைத் தள்ளப் பென்சில் கூடாது, கரித்தூள் உள்ளே போய்விடும் என்று பயிற்சியில் சொன்னார்கள். சபாபதி சார் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். பால்பாயிண்ட் பேனா நுனியால்தான் தள்ள வேண்டும். எங்களுக்கெல்லாம் நீல மை. சிவப்பு மை தலைவருக்கு மட்டும். முதலில் மெஷினை அணைக்க வேண்டும், எண்ணைத் தாளில் கூட்டிப் பார்க்க வேண்டும், தள்ள வேண்டும், மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும், முகப்பில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எங்காவது கோளாறு என்றால் முதல் மேசையில் தொடங்கி எதையும் விடாமல் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். “இது தெரியும், அது சரியாத்தான் இருக்கும்னு தாண்டிப் போகக் கூடாதும்மா” என்பார்.

கணேஷ் இன்று ஒரே ஒயரில் பிரித்து வைப்பதை நாங்கள் இரண்டு ஒயரில் செய்தோம். கீழ் மாடியில் சம்பளப் பிரிவு: சிவப்பு டேப் சுற்றிய ஒயர், ஒயர்கள் வந்து சேரும் தனிப் பெட்டி. மேல் மாடியில் மற்ற எல்லாரும்: நீல டேப், வேறு பெட்டிகள். சிவப்பும் நீலமும் எங்கும் சேரக்கூடாது. ஆகவே கீழே இருக்கும் எண் மேலேயும் இருக்கலாம்.

மேல் மாடிக்கு எண்களை உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி கொடுத்தேன். யாரையும் புண்படுத்தாத முறை என்று நம்பினேன். ஸ்டிக்கர் ஒட்டி முடிப்பதற்குள் முனியாண்டி அண்ணன் எழுந்து வந்துவிட்டார். தோட்டங்களுக்குச் சாமான் அனுப்பும் கிளார்க் அவர்.

“தங்கச்சி, எனக்குப் பதினேழு போட்டிருக்க.”

“ஆமாண்ணே.”

“ஒன்னும் ஏழும் எட்டு. எட்டு சனியோட நம்பரு. எனக்கு ஏழரைச் சனி நடக்குது. வீட்டுல இருக்கற சனி பத்தாதுன்னு ஆபீசுலயும் ஒன்னா?”

அவரைச் சமாதானப்படுத்துவதற்குள் கணக்குப் பிரிவு மே லிங் வந்து நின்றாள். சித்தியவான் பக்கம் தோட்டத்துக் கடையில் வளர்ந்த சீனப் பெண். எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவாள்.

“தனம், எனக்கு ஏன் லா பதினாலு? எங்க ஆளுங்க பாஷையில நாலுன்னா சாவு. பதினாலுன்னா கண்டிப்பா சாவு. நான் ஒனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?”

“அது கார்டு நம்பர், மே லிங். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.”

“மூஞ்சிக்கு முன்னாடி ஸ்டிக்கர் ஒட்டிட்டு, தெரியாதாம்! அலாமாக்!”

பதினான்கைக் கூட்டினால் ஐந்து; முனியாண்டி அண்ணனுக்குச் சம்மதம். பதினேழில் நான்கு இல்லை. மே லிங்குக்குச் சம்மதம். இரண்டு கணினியையும் அணைத்து, எண்களை மாற்றிப் போட்டேன். தலை நிமிர்ந்தால் பின்னால் சபாபதி சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து முடித்தார்.

“இது ஆபீசா, சோசியக்காரன் வீடா? நம்பர்னா நம்பர்தான். இனிமே என்னைக் கேக்காம ஒரு நம்பரும் மாறக்கூடாது. ஒருத்தருக்கு மாத்தினா எல்லாரும் வரிசையில நிப்பாங்க.”

“சரி சார்.”

அவர் சொன்னது நியாயம் என்றே நினைத்தேன். வரிசைப்படி அவருக்கு இருபத்தாறு வந்திருந்தது. கூட்டினால் அதுவும் எட்டுதான். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் வாங்கிக்கொண்டார் என்று எனக்கு அவர்மேல் மரியாதைகூட வந்தது.

சில வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பிறகு, எல்லாருடைய அறிக்கைகளையும் அச்சடிப்பதற்கென்று பிரிண்டரோடு ஒரு புதிய கணினி வந்தது. அடுத்த காலி எண் இருபத்தேழு. பதினாறு, எட்டு, இரண்டு, ஒன்று. கூட்டினேன், தள்ளினேன், மறுபடி கூட்டினேன், ஸ்டிக்கர் ஒட்டினேன். அன்று சபாபதி சார் தோட்டப் பார்வைக்குப் போயிருந்தார். பிரிண்டர் அருமையாக ஓடியது.

மறுநாள் காலைப் பெரட்டில் ஒரு கணினிகூட வரவில்லை.

“நீ புது மெஷின் வச்ச பொறவுதானே இப்படி?” என்றார் சபாபதி சார்.

மறுக்க முடியவில்லை. அந்தக் கணினியை அணைத்தால் எல்லாம் உயிர் பெற்றது. போட்டால் உறைந்தது. கார்டில் கோளாறோ என்று கோலாலம்பூரிலிருந்து வேறு கார்டு வரவழைத்துப் போட்டேன். அதே கதை. எந்த எலியாவது ஒயரைக் கடித்திருக்குமோ என்று கூரைப்பலகைக்கு மேலே ஏறிப் பார்த்தேன். கீழ் மாடியிலும் ஓர் இருபத்தேழு இருந்தது நினைவுக்கு வந்து, யாராவது சிவப்பையும் நீலத்தையும் சேர்த்துவிட்டார்களோ என்று இரண்டு மாடி ஒயரையும் கையால் தொட்டுத் தொட்டுப் போய்ப் பார்த்தேன். சேரவில்லை. மேல் மாடியில் எல்லா மேசைக்கும் பின்னால் மண்டியிட்டுச் சுவிட்சுகளைக் கூட்டினேன். எல்லாம் ஸ்டிக்கரோடு ஒத்துப்போனது. கடைசியாக இருந்தது சார் அறை. “என்னோடதைப் பாக்க வேணாம். நீ போட்டப்ப நான் பக்கத்துலயே இருந்தேன்,” என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

“பிரிண்டர் மெஷினுக்கு வேற நம்பர் போட்டுப் பாக்கவா சார்?”

“நம்பரு என்னம்மா பண்ணும்? நீயும் முனியாண்டி மாதிரி ஆரம்பிச்சிட்டியா? காரணத்தைக் கண்டுபிடி.”

இதில் என்னைப் பைத்தியமாக்கியது வேறொன்று. சார் தோட்டத்துக்குப் போகும் நாள்களில் நெட்வொர்க் தங்கமாக ஓடியது. ஒயர் முனையைத் துடைத்ததால் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக வீட்டுக்குப் போவேன். மறுநாள் அவர் வந்ததும் பழையபடி. நான் எதைச் செய்தாலும் ஒரு நாள் சரியாகும், அவர் வந்தால் கெடும்.

அதை அவரும் கவனித்திருந்தார். அறைக்குக் கூப்பிட்டு, திட்டாமல், கனிவாகவே சொன்னார்: “நான் இல்லாதப்ப நீ ஒழுங்கா செய்யிற, தனம். நான் இருந்தா பதட்டப்பட்டு எதையோ கெடுத்துடுற. கைக்குழந்தைக்காரி, தூக்கம் இருக்காது, புரியுது. இந்த மாசக் கடைசியில நான் உன்னைப் பத்தி மேலிடத்துக்குச் சொல்லியாகணும். பழைய பிரிவுதான் உனக்குத் தோதா இருக்கும்னு தோணுது.”

நான் அதை நம்பினேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமை. வீட்டில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே மனத்துக்குள் சுவிட்சுகளைத் தள்ளிப் பார்ப்பேன். அவர் பின்னால் நின்றபோது நான் பதட்டப்பட்டது உண்மை. அந்தப் பதட்டத்தில் கை எதையாவது தட்டிவிட்டதோ? ஒருவேளை நான் இதற்கு லாயக்கில்லையோ? குழந்தை பாதிப் பாலில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கும்.

மாதக் கடைசி நெருங்கியது. சார் அறைக்குள் இருந்தார், மேல் மாடி உறைந்திருந்தது. மே லிங் என் மேசையோரம் வந்து உட்கார்ந்தாள்.

“எல்லா மெஷினும் பாத்தாச்சா?”

“பாத்துட்டேன்.”

“எல்லாம்னா எல்லாமா?”

“சார் மெஷின் மட்டும் பாக்கல. அவரு பக்கத்துல இருக்கறப்ப போட்டது.”

“ஓ, அவரு மெஷினு சாமியா? கதவ சாத்திட்டா பல்லி உள்ள போகாதா லா?”

முனியாண்டி அண்ணன் பக்கத்து மேசையிலிருந்து, “போயேன் தங்கச்சி. வேணாம்னா வேணாம்னு சொல்லப் போறாரு, கடிச்சா திங்கப் போறாரு?” என்றார். பிரிண்டர் நின்றதால் அவருடைய வேலையும் நின்றிருந்தது.

போகலாமா கூடாதா என்று தண்ணீர் குடிக்கப் போவதுபோல இரண்டு தடவை அந்த அறையைத் தாண்டி நடந்தேன். மூன்றாவது தடவை கதவைத் தட்டினேன்.

“சார், உங்க மெஷின் மட்டும்தான் பாக்கி.”

“அதான் சொன்னேனே.”

“எதையும் தாண்டிப் போகக் கூடாதுன்னு நீங்கதான் சார் சொல்லியிருக்கீங்க. பாக்காம விட்டா நான் வேலைய முடிச்சதா ஆகாது.”

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கத் தொடங்கினார். பாதியில் நிறுத்தினார். “சரி, பாரு,” என்றார். குரல் மிகவும் தணிந்திருந்தது.

கணினியை அணைத்துவிட்டு மேசைக்குப் பின்னால் மண்டியிட்டேன். முகப்பில் என் கையெழுத்தில் இருபத்தாறு ஒட்டியிருந்தது. பின்னால் பதினாறு மேலே, எட்டு மேலே, இரண்டு மேலே. முதலாவது சுவிட்சும் மேலே. அது ஒன்று. அந்த ஒரு வெள்ளைச் சுவிட்சின் தலையில் மட்டும் சிவப்பு மைப் புள்ளி.

மறுபடி கூட்டினேன். அவர் சொல்லிக்கொடுத்தபடியே.

இரண்டும் ஏழும் ஒன்பது. நல்ல எண். பிரிண்டர் வருவதற்கு முன்பே, தனக்குப் பிறகு எண் எதுவும் இல்லை என்ற தைரியத்தில் மாற்றியிருக்கிறார். அவர் தோட்டத்துக்குப் போன நாள்களில் இந்தக் கணினி அணைந்திருந்ததால்தான் எல்லாம் ஓடியிருக்கிறது. அதன் பிறகும் தினமும் பெரட்டில் “இருபத்தாறு? இருக்கேன்” என்று கூசாமல் சொல்லியிருக்கிறார். நான் கூரைக்கு மேலே ஏறினேன், ஒயரைத் தடவினேன், என் கையையே சந்தேகப்பட்டேன். எத்தனை நாள்! எனக்கு வந்த கோபத்தில் காது அடைத்துக்கொண்டது. நல்ல வேளை, மேசைக்குப் பின்னால் என் முகம் அவருக்குத் தெரியாது.

“எவ்வளவு இருக்கு?” என்றார்.

“இருபத்தேழு சார்.”

கீழே தெருவில் ரொட்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போவது கேட்டது.

“உங்களோடதை இருபத்தாறா ஆக்கிடவா சார்? ஒரு சுவிட்சுதான்.”

“வேணாம்.” பிறகு, “மகனுக்கு இந்த வருசம் பெரிய பரீட்சை. வீட்டுல ரொம்பச் சொன்னாங்க. அது முடியட்டும். நீ பிரிண்டருக்கு இருபத்தெட்டு போட்டுரு.”

நம்பர்னா நம்பர்தான் என்று சொன்னவர்! ஆனால் வெள்ளிக்கிழமை குழந்தைக்கு நகம் வெட்டாதவள் நான். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, “சரி சார்,” என்றேன்.

வெளியே வந்ததும் மே லிங், “என்ன இருந்துச்சு?” என்றாள்.

“தூசி.”

“தூசியா! இத்தனை நாளு ஒரு தூசியா இந்த மாடியையே நிறுத்துச்சு?” என்று முனியாண்டி அண்ணன் சார் அறைப் பக்கம் பார்த்தார். பிறகு தாளைப் பிரிண்டருக்கு எடுத்துப்போனார். இருபத்தெட்டு முதல் முறையிலேயே ஓடியது. மே லிங் புது ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

“இருபத்தெட்டா? எங்க பாஷையில சுலபமா பணம் சேரும்னு அர்த்தம், எங்க ஆளுங்க காருக்கு இந்த நம்பர் வாங்க அலைவாங்க லா. அதைப் போயி ஒரு பிரிண்டருக்குக் கொடுத்திருக்க! எனக்குக் கொடுத்தா என்ன?”

அன்று நான் அவளை அடிக்காமல் விட்டது பெரிய காரியம்.

மறுநாள் பெரட்டு. சார் கோப்பியோடு படியுச்சியில் நின்றார். எல்லா எண்ணும் வந்தது.

“இருபத்தாறு? நானு. இருக்கேன். இருபத்தெட்டு?”

“வந்திருச்சு சார்.”

“சார்,” என்றாள் மே லிங், கணக்கைப் பார்த்தபடியே. “இருபத்தேழு எங்க சார்?”

மாடி முழுவதும் தட்டச்சுச் சத்தம் நின்றது. அவர் ஒரு வாய் கோப்பி குடித்தார்.

“லீவு,” என்றார். உள்ளே போய்விட்டார்.

மாதக் கடைசியில் என்னை நிரந்தரமாக்கினார்கள். சார் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: “நல்லா செய்யிறாங்கன்னு எழுதியிருக்கேன். என் முன்னாடி கொஞ்சம் பதட்டப்படுறாங்கன்னும் எழுதியிருக்கேன். அதைக் கொஞ்சம் பாத்துக்க.”

“சரி சார்” என்றேன். அன்று விளக்கு வைப்பதற்கு வெகு முன்னதாகவே புந்தோங்குக்குப் போய்ச் சேர்ந்தேன். அஞ்சலையக்கா குழந்தையைக் கொடுத்தபோது சிரிப்பதற்குப் பதில் எனக்கு அழுகை வந்தது. அந்த வேலை எனக்கு எதற்காகக் கிடைத்தது? எதையும் விடாமல் கூட்டிப் பார்த்ததற்கா, கூட்டி வந்த எண்ணை வெளியே சொல்லாததற்கா? இத்தனை வருடம் அதே அலுவலகத்தில் உழைத்து, அவர் நாற்காலிக்கே வந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்னும் தெளியவில்லை. சாரின் மகன் பரீட்சை முடிந்து, தேர்வாகி, வேலைக்கும் போய்விட்டான். அந்தச் சுவிட்சு மட்டும் கீழே இறங்கவேயில்லை. பின்னால் வந்த ஒவ்வொரு புதியவரிடமும், “சார் மெஷின்ல இருபத்தாறுன்னு ஒட்டியிருக்கும், ஆனா இருபத்தேழை யாருக்கும் கொடுத்துடாதீங்க” என்று காரணம் சொல்லாமல் சொல்லிவைப்பதும் என் வேலையாயிற்று.

விருந்தன்று கணேஷிடம் இவ்வளவையும் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு அலமாரியைச் சாத்திக்கொண்டே கேட்டான்.

“என்னக்கா நீங்க? அன்னைக்கே எல்லார் முன்னாடியும் போட்டு உடைச்சிருக்க வேணாமா? நானா இருந்தா விட்டிருக்கவே மாட்டேன்.”

“நீ வேலைக்கு வந்துட்டா உன் குழந்தைய யாருப்பா பாத்துக்கறா?”

“அம்மா இருக்காங்க. ஏன்க்கா?”

“அதான்,” என்றேன்.